சூடு எங்கே போகிறது? க்ளூ கன் பிடிக்கும் கைகளுக்கு

சீர்த்தட்டு அலங்காரம் செய்து தருகிற வீட்டைக் கண்டுபிடிக்க போர்டு தேட வேண்டாம். வேலை செய்கிறவரின் இடது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். கன் பிடிப்பது வலது கை, சுட்டுக்கொள்வது இடது கை. கல்லையோ பூவையோ பசையில் வைத்து அழுத்துகிற விரல் அதுதானே.

இந்தத் தழும்பைத் தொழில் முத்திரைபோலக் காட்டுகிறவர்கள் உண்டு. "இது இல்லாம யாரும் கத்துக்க முடியாது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தையல் மெஷினில் விரலைக் குத்திக்கொண்டால்தான் தையல் வரும் என்று யாராவது சொல்வார்களா? க்ளூ கன்னுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? காரணம் எளிது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி, கூடவே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு, கற்றுக்கொள்வதோ முப்பது விநாடி ரீல்ஸ் பார்த்து. ரீல்ஸில் விரல் சுட்ட இடத்தை வெட்டிவிட்டுத்தானே போடுகிறார்கள்.

நிச்சயதார்த்தத் தட்டு, ஆரத்தித் தட்டு, பூ ஜடை, ரிட்டர்ன் கிஃப்ட், தெர்மாகோல் எழுத்து என்று இந்தக் கருவியை நம்பி வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களும் படிக்கலாம். ஆனால் ஒரே ராத்திரியில் இருபத்தோரு தட்டு முடிக்க வேண்டியவருக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை.

முதலில் ஒரு எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இது பசை வேலை இல்லை, சூட்டு வேலை. பெவிகால் ஒட்டுவது அதிலுள்ள தண்ணீர் வற்றுவதால். க்ளூ ஸ்டிக்கில் வற்றுவதற்கு எதுவும் கிடையாது. அது முக்கால்வாசிக் கடைகளில் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்கிற பிளாஸ்டிக்கை அடிப்படையாகக் கொண்ட குச்சி. சுருக்கமாக ஈ.வி.ஏ. உருகும், பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கும், ஆறினதும் அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வித்தை. சூடு இருக்கிற அந்த இருபது முப்பது விநாடிக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட வேண்டும். கல் உதிர்வது, தெர்மாகோல் குழி விழுவது, விரல் வேவது, காரில் போகும்போது பூ கழன்று விழுவது எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: சூடு எங்கே போனது?

வாங்கும்போது

கடையில் இரண்டு அளவு இருக்கும். 7 மி.மீ. குச்சி போடும் சின்ன கன், 11 மி.மீ. குச்சி போடும் பெரிய கன். ஒன்றின் குச்சி மற்றொன்றுக்கு ஆகாது. பெரிய கன்னில் சின்னக் குச்சியைப் போட்டு ஓட்டினால் உருகிய பசை பின்பக்கமாகக் கசிந்து கைப்பிடிக்குள் இறங்கும்.

வாட்ஸ் என்பதைச் சூட்டின் அளவு என்று பலரும் நினைக்கிறார்கள். அது உருக்கும் வேகம். 20 வாட்ஸ் கன்னில் நாலு கல் ஒட்டியதும் டிரிக்கர் கனக்கும், மறுபடி உருகும்வரை காத்திருக்க வேண்டும். 60 அல்லது 100 வாட்ஸில் நிற்காமல் வரும். சூடு வேறு கணக்கு. குறைந்த சூட்டு கன்கள் சுமார் 120 டிகிரி செல்சியஸிலும் அதிகச் சூட்டு கன்கள் சுமார் 190 டிகிரியிலும் வேலை செய்கின்றன. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கன் என்றால் சூடு குறைவு என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். விரல் நீளக் கன்னும் அதிகச் சூட்டு ரகமாக இருக்கலாம். பெட்டியில் டிகிரி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை.

நான் விடாப்பிடியாகச் சொல்வது இன்னொன்றை. ஆன்-ஆஃப் சுவிட்சும் ஒரு சின்ன விளக்கும் கன்னிலேயே இருக்க வேண்டும். மலிவு ரகங்களில் இரண்டும் இருக்காது. பிளக்கைச் சொருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். இது எவ்வளவு ஆபத்து என்பதைக் கரண்ட் கட் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

சென்னையில் இருப்பவர்கள் கன்னை ரிச்சி தெருவிலும், குச்சியும் கல்லும் லேஸும் பாரிமுனைப் பக்கம் காசிச் செட்டித் தெரு வட்டாரத்திலும் தேடுவது வழக்கம். குச்சியை எண்ணிக்கையில் வாங்குவதைவிட எடையில் வாங்குங்கள். 11 மி.மீ. தடிமனும் 25 செ.மீ. நீளமும் உள்ள குச்சி ஏறத்தாழ 22 கிராம் நிற்கும். கிலோவுக்கு 45 குச்சி. 7 மி.மீ. குச்சி 20 செ.மீ. நீளமென்றால் 7 கிராம் சொச்சம். 'பாக்கெட்டுக்கு இவ்வளவு' என்று சொல்கிற கடையில் ஒரு பாக்கெட்டைத் தராசில் போடச் சொன்னால் நீளம் குறைந்த குச்சியின் ரகசியம் வெளிப்பட்டுவிடும். நல்ல குச்சியை வளைத்தால் வளைந்து நிமிரும். மஞ்சள் பூத்து வெடுக்கென்று முறிந்தால் அது பழைய சரக்கு.

உட்காரும் இடம்

நம் வீடுகளில் இந்த வேலை நடப்பது தரையில். பாயை விரித்து, சுற்றிலும் பூவும் ரிப்பனும் பரப்பி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு. பார்க்க அழகுதான். ஆனால் மடியில் வைத்த தட்டின் விளிம்பிலிருந்து வழிகிற பசை தொடையில்தான் விழும். நைட்டியோ நைலான் சேலையோ அதைத் தடுக்காது. செயற்கை இழைத் துணி சூட்டில் இளகித் தோலோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தரையில் உட்காரும் பழக்கத்தை விட முடியாவிட்டால் குட்டை மேஜை ஒன்றை முன்னால் போடுங்கள். மணைப்பலகைகூடப் போதும். தட்டு பலகையில், பலகை உங்களுக்கு எதிரில். மடி காலியாக இருக்கட்டும்.

கன்னுக்குக் கீழே ஒரு டைல்ஸ் துண்டு வையுங்கள். வீடு கட்டும்போது மிச்சமான ஒன்று எங்கேயாவது கிடக்கும். சிலிகான் மேட் இன்னும் நல்லது. சிலிகானில் இந்தப் பசை ஒட்டாது, ஆறினதும் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுத்துவிடலாம். பழைய செய்தித்தாளை விரிப்பதுதான் பலரின் பழக்கம். அது மேஜையைச் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் சூடான மூக்கை மணிக்கணக்கில் காகிதத்தின்மேல் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கன்னோடு வரும் அந்தக் கம்பிக் காலை நம்பாதீர்கள். வயர் சற்று இழுபட்டாலே குப்புற விழும். கனமான பீங்கான் கப்பில் மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்தலாம். கன்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் உள்ளே உருகிக் கிடப்பது பின்னோக்கி ஓடிக் குச்சி வரும் வழியில் இறுகிவிடும். "என் கன் ஜாம் ஆகிடுச்சு" என்று வருகிறவர்களில் பாதிப்பேர் செய்த தவறு இதுதான். மீதிப் பாதி, உருகிக்கொண்டிருக்கிற குச்சியைப் பின்னால் பிடித்து இழுத்தவர்கள். குச்சி முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் பழையதை ஓட்டித் தீர்த்துவிட்டு அடுத்ததைச் சொருகுங்கள், அல்லது இன்னொரு கன் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயர் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரட்டும், தட்டைத் தாண்டி வரக்கூடாது. இடது கைக்காரர்களுக்கு இடப்பக்கம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நடைவழியில் இருக்கக் கூடாது. லோடு பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 40 வாட்ஸ் கன் 25 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். பயப்பட வேண்டியது ஆடுகிற பிளக்குக்கு. தளர்ந்த சாக்கெட்டில் டூ-பின் பிளக் பொறி தட்டிக்கொண்டே இருக்கும்.

ஃபேன் விஷயம் எல்லாருக்கும் கோபம் வரவைக்கும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்து என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் தலைக்குமேல் ஃபேன் சுற்றினால் பசையின் மேல்தோல் கல் வைப்பதற்கு முன்பே ஆறிவிடும், சிலந்தி வலைபோல நூல் பறந்து தட்டு முழுக்க ஒட்டும். காற்றே இல்லாமல் தவிக்க வேண்டாம். சீலிங் ஃபேனை அணைத்து, டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காற்று உங்களுக்கு, தட்டுக்கு இல்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும். புகையோ வினிகர் மாதிரிப் புளித்த வாடையோ வந்தால் பசை அளவுக்குமேல் காய்கிறது என்று பொருள். கன்னை அணைத்து ஆறவிடுங்கள்.

தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். முந்தானையைச் சொருகிக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். இதை ஏன் என்று கேட்காமல் செய்துவிடுங்கள், பிறகு சொல்கிறேன்.

ஒட்டும் கலை

பிளக்கைச் சொருகி ஐந்து நிமிடம் தொடாதீர்கள். டிரிக்கரை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்க வேண்டும். பலம் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் சூடேறவில்லை. அவசரப்பட்டு அழுத்தினால் டிரிக்கருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் உடையும். கன் பழுதாவதற்கு முதல் காரணமே இந்த அவசரம்தான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பசையை அதிகமாக விடுகிறார்கள். பயம்தான் காரணம். ஆனால் பட்டாணி அளவுப் பசையின்மேல் குந்தன் கல்லை வைத்தால் நாலாபுறமும் பிதுங்கி விரலைத் தொடும், கல்லும் மிதக்கும். கடுகு அளவு போதும். லேஸ் ஒட்டும்போது நீளமாகக் கோடு இழுக்காதீர்கள். நாலு விரற்கடை அளவு கோடு, உடனே லேஸ், மறுபடி நாலு விரற்கடை. ஒரு முழம் இழுத்துவிட்டு லேஸைத் தேடுகிறவர் திரும்பி வரும்போது கோட்டின் தலைப்பு ஆறிப்போயிருக்கும். அங்கே லேஸ் ஒட்டியதுபோல் உட்காரும், மண்டபத்தில் எழுந்துவிடும்.

கல்லை விரலால் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். புருவம் திருத்தும் ட்வீசர் போதும். பூவை அழுத்த ஐஸ்கிரீம் குச்சி. நெட் துணியும் சாட்டின் ரிப்பனும் ஒட்டும்போதுதான் அதிகம் சுடும்; துணியின் ஓட்டைகள் வழியே பசை மேலே ஊறி, மேலே அழுத்துகிற விரலைப் பிடிக்கும். அதற்கென்றே சிலிகான் விரலுறை விற்கிறார்கள். மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது வேண்டாம். சூட்டைத் தடுக்காது, பட்ட பசையைத் தோலோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பசை விட்டு முடித்ததும் கன்னை நேராக இழுக்காமல் மூக்கை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கோலப்புள்ளி வைத்துக் கையை எடுப்பதுபோல. நூல் அறுந்துவிடும். அப்படியும் படர்ந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின் ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு வீச்சு வீசினால் சுருண்டு மறைந்துவிடும். கல்லின்மேல் அதிக நேரம் பிடித்தால் கல்லே நகரும், கவனம்.

எதில் ஒட்டும், எதில் ஓடும்

அட்டை, மரம், எம்.டி.எஃப். பலகை, சணல், துணி ஆகியவற்றில் கவலையில்லை. நுண்துளை உள்ளவை எல்லாம் பசையைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் உலோகத் தட்டில்தான். எவர்சில்வர், பித்தளை, எதுவானாலும் உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். பசை தட்டைத் தொட்ட நொடியிலேயே அடிப்பக்கம் உறைந்துவிடும். மேலே பளபளவென்று உருகியிருக்கும், நீங்களும் நம்பிக்கையாகக் கல்லை வைப்பீர்கள். மறுநாள் காலையில் நகத்தால் நெம்பினால் கல்லும் பசையும் ஒரே வில்லையாகக் கழன்று வரும், அடியில் தட்டு கண்ணாடிபோல மின்னும். எங்கள் பட்டறையில் ஒரு முறை பதினோரு தட்டு அப்படித்தான் கழன்றது. குச்சி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு குச்சி வாங்கி வந்தோம், அதுவும் கழன்றது. குற்றவாளி குச்சி இல்லை என்று புரிய இரண்டு கிலோ செலவானது. வழி இதுதான்: தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். சொந்தத் தட்டாக இருந்தால் ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள். உலோகம் ஏற்கெனவே சூடாக இருந்தால் பசையிடமிருந்து அவ்வளவு திருடாது. இன்னொரு வழி, தட்டை வெல்வெட் தாளாலோ துணியாலோ மூடிவிட்டு அதன்மேல் கல் வேலை செய்வது. வாடகைத் தட்டு என்றால் இரண்டாவது வழிதான் நல்லது.

தெர்மாகோல் இதற்கு நேர் எதிர். அது சூட்டை வாங்கிக்கொண்டு தானே கரையும். சுமார் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்குகிற பொருளில் 190 டிகிரிப் பசையை ஊற்றினால் குழி விழாமல் என்ன செய்யும்? குறைந்த சூட்டு கன் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பசையைப் பூவின் காம்பில் விட்டு, ஐந்தாறு எண்ணிவிட்டுத் தெர்மாகோலில் வையுங்கள். பெரிய தெர்மாகோல் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்ட அவகாசம் இருந்தால் க்ளூ கன்னே வேண்டாம், பெவிகால் தடவி ஒரு ராத்திரி பாரம் வைத்துவிடுங்கள். ரிட்டர்ன் கிஃப்ட் வைக்கிற மெல்லிய கண்ணாடி மாதிரிப் பெட்டிகளும் சூட்டில் நெளியும். பாலித்தீன் உறையிலும், மேல்பக்கம் மெழுகுபோல வழுவழுவென்றிருக்கும் டப்பாக்களிலும் பசை ஒட்டியதுபோல் நடித்துவிட்டு உரிந்துவிடும். டபுள் சைட் டேப் தேடுங்கள்.

நிஜப் பூவுக்கு இது எதிரி. இதழ் வெந்து பழுப்பேறும், ஈரத்தில் பசையும் பிடிக்காது. அதற்கு நாரும் ஊசியும் நூலும் இருக்கின்றன. பூக்கட்டுகிறவர்களைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

இனி, நான் செய்து தர மறுக்கும் வேலை ஒன்று. கற்பூரம் ஏற்றுகிற தட்டு. ஆரத்தித் தட்டை அழகுக்கு மட்டும் என்று வாங்கிப்போய், கடைசி நேரத்தில் நடுவில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். சுற்றிலும் தெர்மாகோல், நெட், பிளாஸ்டிக் பூ, அவற்றையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் பசையும் பிளாஸ்டிக். ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள்: தீபம் வைப்பீர்களா? ஆம் என்றால் நடுவில் அகலமாக உலோகம் வெளியே தெரிகிற மாதிரி விட்டு, அலங்காரத்தை வெளிவிளிம்போடு நிறுத்துங்கள். அதையும் பூவாலும் மஞ்சள் குங்குமத்தாலும் செய்யுங்கள். பசை வேண்டாம். குத்துவிளக்குக்குக் கல் ஒட்டுவதென்றால் அடிப்பாகத்தில் மட்டும்.

வெயிலும் தீபத்தின் தம்பிதான். ஈ.வி.ஏ. பசை சுமார் 80 டிகிரியில் இளகும், அதற்கு வெகுமுன்னே பிடி தளரத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டக்கூடும். வாடிக்கையாளரிடம் தட்டைக் கொடுக்கும்போது "டிக்கியில வெச்சுட்டு சாப்பிடப் போயிடாதீங்க" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி போட்டோவோடு வாட்ஸப் வரும்.

சுட்டுவிட்டால்

கொதிக்கிற தண்ணீர் தெறித்தால் ஓடிவிடும். பசை ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டு, தன்னிடமுள்ள சூடு முழுவதையும் அங்கேயே கொடுத்துத் தீர்க்கும். அதனால்தான் ஒரு சொட்டுக்கே கொப்புளம் எழும்புகிறது. அனிச்சையாக எல்லாரும் செய்வது, மற்றக் கையால் அதை வழித்து எறிவது. இப்போது இரண்டு கையும் சுட்டிருக்கும், முதல் கையில் தோலும் போயிருக்கும்.

உரிக்காதீர்கள். அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் இதற்குத்தான். உடனே விரலை அதில் முக்குங்கள், பசையின் சூடு அங்கே இறங்கட்டும். பிறகு குழாயடிக்குப் போய் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம், தெரியும். ஆர்டர் காத்திருக்கிறது என்பதும் தெரியும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் எழுந்துவிடத் தோன்றும். தோலின் அடியில் சூடு இன்னும் இருக்கிறது. இருங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பசை தானாகக் கழன்று வந்தால் வரட்டும், வராவிட்டால் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

ஐஸ் கட்டி வேண்டாம், அதுவும் தோலைப் புண்ணாக்கும். இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் மாவுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்பை வாங்கிக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பி அனுப்புங்கள். சுத்தமான ஈரமில்லாத துணியால் லேசாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கண்ணிலோ முகத்திலோ பட்டால், விரல் மூட்டைச் சுற்றிச் சுட்டால், கொப்புளம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதானால், தோல் வெளுத்து வலியே தெரியாமல் இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆழமாக வெந்தால்தான் வலி தெரியாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னப் புண்ணையும் காட்டிவிடுவது நல்லது. கண் என்றால் தண்ணீர் விட்டுக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கூட வேலை செய்கிறவர்கள்

சீசனில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் உதவிக்கு வருவார்கள். அப்போதுதான் விபத்து அதிகம். காரணம், ஒரே கன்னை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. "இந்தாக்கா, பிடி" என்று கைக்குக் கை கொடுக்கும்போது மூக்கு யார் பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களிடம் ஒரு சட்டம் உண்டு: கன் கையிலிருந்து கைக்குப் போகாது. டைல்ஸில் வைக்க வேண்டும், மற்றவர் டைல்ஸிலிருந்து எடுக்க வேண்டும். சிரித்தார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு நாள் கன் கிடையாது. கல் பிரிப்பதும் ட்வீசரில் வைப்பதும்தான். கை நிதானப்பட்டதும் கன்.

விலை போடும்போது பசையைக் கணக்கில் சேர்க்கிறவர்கள் குறைவு. ஒரு தட்டு தொடங்குமுன் குச்சியை நிறுத்துப் பாருங்கள், முடிந்ததும் மறுபடி. எத்தனை கிராம் போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆர்டருக்கு எவ்வளவு வாங்குவது என்பதும் தெரியும், யார் கையில் பசை வீணாகிறது என்பதும் தெரியும். திருத்த வேலைக்கும் ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

கோணலாக ஒட்டிய கல்லைக் கத்தியால் நெம்பித் தட்டில் கீறல் போடாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துப் பசையின் ஓரத்தில் ஒற்றி ஒரு நிமிடம் விட்டால், உலோகத்திலும் கண்ணாடியிலும் பிடி விட்டுவிடும். ஆனால் ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். கன்னைப் பிளக்கிலிருந்து எடுத்து ஆறவிட்ட பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இப்போது கரண்ட் கட். ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் போகிறது. சுவிட்ச் இல்லாத கன். இருட்டில் அப்படியே வைத்துவிட்டு, மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிடுகிறீர்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது. எல்லாரும் தூக்கம். கன் மட்டும் விழித்துக்கொண்டு, ரிப்பனும் நெட்டும் தெர்மாகோலும் குவிந்த பாயின் நடுவே 190 டிகிரியில் காய்கிறது. இந்த கன்களில் உள்ள ஹீட்டர் சூடேறச் சூடேறத் தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகம்தான். அதனால் சிலர் "அது ஆட்டோமேட்டிக், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். குறைத்துக்கொள்ளுமே தவிர அணையாது. கரண்ட் போன உடனே முதல் வேலை, போன் வெளிச்சத்தில் பிளக்கைப் பிடுங்குவது. மெழுகுவர்த்தி தேடுவதெல்லாம் அப்புறம்.

வேலை முடிந்ததும் அதேதான். பிளக்கை எடுத்து, டைல்ஸின்மேல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மிச்சக் குச்சி உள்ளேயே இருக்கட்டும். மூக்கு இளஞ்சூட்டில் இருக்கும்போது பருத்தித் துணியால் துடைத்தால் அடுத்த நாள் கறுப்புப் புள்ளி தட்டில் விழாது. வயரைச் சூடான மூக்கைச் சுற்றிக் கட்டாதீர்கள். முடித்த தட்டை உடனே பேக் செய்யாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தலைகீழாகப் பிடித்து அடியில் நாலு தட்டு தட்டுங்கள். விழுவது உங்கள் வீட்டிலேயே விழட்டும்.

டெலிவரிக்குப் போகும்போது சின்ன கன், நாலு குச்சி, பத்துக் கல், ஒரு டைல்ஸ் துண்டு, நீள வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். மண்டபத்தில் பிளக் பாயிண்ட் எங்கே என்று முந்தைய நாளே மேனேஜரிடம் போனில் கேட்டுவிடுங்கள். மேடைக்குப் பக்கத்தில் இருப்பதை நாதஸ்வரத்துக்கு மைக் செட் போடுகிறவர் முன்பே பிடித்து வைத்திருப்பார். இன்னொன்று மணமகள் அறையில், அங்கே ஹேர் ஸ்ட்ரெயிட்னர் ஓடிக்கொண்டிருக்கும்.